‘கூகுள் அடிச்சிடுச்சு’: சின்ன பிளாக்கில் விளம்பர வருமானமும் தேடல் தண்டனையும்

பிளாக் எழுதுகிறவர்கள் "கூகுள் அடிச்சிடுச்சு" என்று புலம்பும்போது அதில் மூன்று வெவ்வேறு சங்கதிகள் கலந்து கிடக்கும். அவற்றைப் பிரித்துப் பார்க்காததால்தான் "விளம்பரம் போட்டாலே தேடலில் பின்னுக்குப் போயிடுவோம்" என்ற பயம் சுற்றிக்கொண்டிருக்கிறது.

முதலாவது, மேனுவல் ஆக்‌ஷன். கூகுளில் வேலை செய்யும் ஓர் ஆள் உங்கள் தளத்தைப் பார்த்து, ஸ்பாம் விதியை (தேடலை ஏமாற்றும் வேலைகளைத் தடுக்கும் விதி) மீறியிருக்கிறது என்று முடிவெடுத்து, தேடலிலிருந்து இறக்கிவிடுவது அல்லது எடுத்தே விடுவது. இதற்கு சர்ச் கன்சோலில் (தளம் வைத்திருப்பவருக்குத் தேடல் நிலவரத்தைக் காட்டும் கூகுளின் கருவி) எழுத்தில் தகவல் வரும். இரண்டாவது, தேடல் முறையே மாறுவது. கூகுள் வருடத்துக்குச் சில தடவை கோர் அப்டேட் விடும். அப்போது எல்லாத் தளங்களும் புதிதாக எடைபோடப்படும், சிலது ஏறும், சிலது இறங்கும். இதற்கு உங்களுக்கென்று தனி நோட்டீஸ் கிடையாது. மூன்றாவது, ஆட்சென்ஸ் பாலிசி மீறல். ஆட்சென்ஸ் என்பது நம் தளத்தில் விளம்பரம் காட்டிக் காசு தரும் கூகுள் திட்டம், எனவே இது விளம்பரப் பக்கத்து விவகாரம். விளம்பரம் நின்றுபோகும், கணக்கும் போகலாம், ஆனால் தேடலில் உங்கள் இடம் இருந்தபடி இருக்கும்.

விளம்பரம் இருப்பது தேடல் விதிப்படி குற்றமே கிடையாது. விளம்பரக் காசுக்கு ஆசைப்பட்டு பக்கத்தை எப்படி எழுதுகிறோம், விளம்பரத்தை எங்கே அடைக்கிறோம், யாருக்கு இணைப்பு விற்கிறோம் என்பதில்தான் அடி விழுகிறது.

காசு எப்படி வருகிறது

ஆட்சென்ஸ் தமிழை ஏற்றுக்கொண்டது 2018-இல். அதற்கு முன்பு தமிழ் பிளாக்குகளுக்கு அப்ரூவல் கிடைப்பதே பெரும்பாடு. இப்போது 18 வயது நிரம்பிய எவரும் விண்ணப்பிக்கலாம். ஒருவருக்கு ஒரு கணக்குதான். அப்ரூவல் வரவில்லை என்று அதே பெயரில் இரண்டாவது மெயிலில் இன்னொரு கணக்கு திறந்தால், இரட்டைக் கணக்கு என்று அதுவும் நிற்கும்.

ஆயிரம் பார்வைக்கு எவ்வளவு வந்தது என்ற கணக்குக்கு ஆர்பிஎம் என்று பெயர். வந்த பணத்தைப் பார்வைகளால் வகுத்து ஆயிரத்தால் பெருக்க வேண்டும். உங்கள் ஆர்பிஎம் அரை டாலர் என்று வைத்துக்கொள்வோம். பணம் கைக்கு வர 100 டாலர் சேர வேண்டும், அதற்கு 2 லட்சம் பார்வை தேவை. தினம் 500 பேர் ஆளுக்கு ஒரு பக்கம் படிக்கிறார்கள் என்றால் மாதம் 15,000. முதல் பணம் வர பதின்மூன்று மாதத்துக்கு மேல் ஆகும். இந்தக் கணக்கை ஆரம்பத்திலேயே போட்டுப் பார்ப்பது நல்லது. நாலாவது மாதம் பொறுமை போய் குறுக்குவழி தேடுகிறவர்கள்தான் பெரும்பாலும் மாட்டுகிறார்கள்.

கடன், இன்ஷூரன்ஸ், கல்வி போன்ற தலைப்புகளுக்கு விளம்பரதாரர்கள் அதிக விலை கொடுப்பார்கள் என்பது உண்மைதான். அதை நம்பி, மீன் மார்க்கெட் பற்றி எழுதிக்கொண்டிருந்தவர் திடீரென்று பர்சனல் லோன் பற்றி எழுத ஆரம்பிப்பது வீண். பணம், உடல்நலம் சம்பந்தப்பட்ட விஷயங்களில் எழுதுகிறவருக்கு அதில் தகுதி இருக்கிறதா என்பதைத் தேடல் கூடுதல் கண்டிப்போடு பார்க்கும். வங்கிகளோடு போட்டி போட்டு முதல் பக்கத்தில் இடம் கிடைக்காது.

பக்கம் யாருக்காக எழுதப்பட்டது

அடி விழும் முக்கியமான இடம் இது. வட சென்னையைப் பற்றி எழுதும் ஒரு பிளாக்கை எடுத்துக்கொள்வோம்.

ஒருவர் டியூஷன் சென்டர்கள் பற்றி எழுத நினைக்கிறார். ‘ராயபுரத்தில் சிறந்த டியூஷன்’, ‘தண்டையார்பேட்டையில் சிறந்த டியூஷன்’, ‘வியாசர்பாடியில் சிறந்த டியூஷன்’ என்று ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி முப்பது பக்கம் போடுகிறார். உள்ளே எல்லாம் ஒரே பத்தி. இதற்கு டோர்வே பக்கம் என்று பெயர். ஒரே அறைக்கு முப்பது வாசல் வைத்த மாதிரி. கூகுளின் ஸ்பாம் விதியில் பெயர் சொல்லித் தடுக்கப்பட்டது. ஒரே பக்கத்தில் ஏரியா வாரியாகப் பிரித்து, எந்த வகுப்பு வரை எடுக்கிறார்கள், தமிழ் மீடியமா இங்கிலீஷ் மீடியமா, மாலை எத்தனை மணிக்கு, மாதம் எவ்வளவு என்று நேரில் கேட்டு எழுதினால் அந்த ஒரு பக்கமே போதும்.

அடுத்தது காப்பி. மழை பெய்தால் ‘நாளை பள்ளி விடுமுறையா’ என்று ஊரே தேடும். செய்தித் தளங்களிலிருந்து எடுத்து நாலு வரி மாற்றிப் போடுகிற பிளாக்குகள் நூற்றுக்கணக்கில் உண்டு. மூலச் செய்தி இருக்கும்போது நகலைத் தேடல் மேலே காட்ட வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் அதே மழையில் எந்த சப்வேயில் தண்ணீர் நிற்கிறது, எந்தப் பக்கம் சுற்றிப் போனால் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரலாம் என்பதை ஏரியாவில் இருக்கிறவர்தான் எழுத முடியும்.

ராயபுரம் ரயில் நிலையம் 1856-இல் திறந்தது என்ற வரி ஆயிரம் தளங்களில் இருக்கிறது. அதையே ஆயிரத்தோராவது ஆளாக எழுதினால் பயன் இல்லை. இன்றைக்கு நிலையத்துக்குள் போக எந்த வழி, பழைய கட்டடத்தின் தூண்களை எங்கிருந்து பார்க்கலாம், எந்த நேரத்து வெளிச்சத்தில் படம் நன்றாக வரும் என்று நீங்களே எடுத்த ஐந்து படத்தோடு எழுதினால் அது புது விஷயம். 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை நீண்டது. வடிவுடையம்மன் கோயிலுக்கு வருகிறவர் திருவொற்றியூர் ஸ்டேஷனில் இறங்குவதா, தேரடி ஸ்டேஷனில் இறங்குவதா என்று குழம்புவார். தேரடி என்று சொல்லி, அங்கிருந்து நடக்கும் வழியையும் எழுதினால் வெளியூர்க்காரருக்கு அது உதவும். தேடல் எதிர்பார்ப்பதும் இந்த உதவியைத்தான்.

2024 மார்ச்சில் கூகுள் ஸ்பாம் விதிகளை விரித்தது. தேடலில் இடம் பிடிக்க மட்டும் மொத்தமாகப் பக்கங்களை உற்பத்தி செய்வது அதிலிருந்து தனிக் குற்றம். கையால் தட்டினாலும், ஏஐ எழுதினாலும், ஆங்கிலக் கட்டுரையை மெஷினில் தமிழாக்கி ஒட்டினாலும் ஒரே விதி. ஏஐ தொட்டாலே தண்டனை என்று சிலர் சொல்வது மிகை. படிப்பவருக்கு ஒன்றுமே சேர்க்காமல் ஒரு நாளைக்கு நாற்பது பக்கம் இறக்குவதுதான் பிரச்சினை. காலாவதியான பழைய டொமைனை (தள முகவரியை) வாங்கி, அதன் பழைய பெயரை வைத்துப் பிழைப்பதும் அதே மாதம் விதிக்குள் வந்தது.

காசிமேட்டு மீன் விலையை தினமும் தனிப் பதிவாக, மூன்றே வரியில் போடுவதும் நல்லதில்லை. வருடம் முடிவில் 365 சோனிப் பக்கங்கள் சேரும். அதற்குப் பதில் ஒரே பக்கம் வைத்து, மேலே இன்றைய விலை, கீழே பருவ விவரம் என்று அதையே புதுப்பித்துக்கொண்டிருக்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், வஞ்சிரம் விலை ஏறும், ஃபைபர் படகில் எது வரும் என்பதெல்லாம் அந்தப் பக்கத்தில் இருந்தால் அது வருடம் முழுக்க நிற்கும்.

தமிழுக்கே உரிய ஒரு சின்னத் தொல்லையையும் சொல்லிவிட வேண்டும். பிளாக்கரில் (கூகுளின் இலவச பிளாக் சேவை) தமிழில் தலைப்பு வைத்தால், முகவரியில் தமிழ் எழுத்து விழுந்துபோய் ‘பிளாக் போஸ்ட் 12’ என்ற மாதிரி அர்த்தமில்லாமல் வரும். இதனால் தண்டனை எதுவும் இல்லை, ஆனால் அசிங்கம். பப்ளிஷ் செய்வதற்கு முன்பே பெர்மாலிங்க் (பதிவின் முகவரி) பகுதியில் கஸ்டம் தேர்ந்தெடுத்து, ஆங்கில எழுத்தில் மூன்று நான்கு சொல் கொடுத்துவிடுங்கள். பப்ளிஷ் ஆன பிறகு மாற்றினால் பழைய இணைப்பு உடையும்.

விளம்பரத்தை எங்கே வைப்பது

2012 ஜனவரியிலேயே, திறந்தவுடன் முதல் திரை முழுக்க விளம்பரமாக இருக்கும் தளங்களை இறக்க கூகுள் ஒரு மாற்றம் செய்தது. 2017 ஜனவரியிலிருந்து, தேடலில் இருந்து வந்தவர் போனில் படிக்க முடியாதபடி மறைக்கும் பாப்-அப் உள்ள பக்கங்களும் பாதிக்கப்பட்டன. தமிழ்த் தளங்களில் இந்த இரண்டாவது தவறு சர்வ சாதாரணம். "எங்க வாட்ஸ்அப் குரூப்ல சேருங்க" என்று திரை முழுக்க ஒரு பெட்டி, மூடுகிற எக்ஸ் எங்கேயோ ஓரத்தில். அது விளம்பரம் இல்லையே என்று வைத்தவர் நினைப்பார். படிக்க வந்தவருக்கு இரண்டும் ஒன்றுதான். திரையின் அடியில் மெல்லிய பட்டையாக வைத்தால் தொல்லை இல்லை.

எத்தனை விளம்பரம்? ஆட்சென்ஸில் முன்பு பக்கத்துக்கு மூன்று என்று எல்லை இருந்தது, 2016-இல் எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதில், உள்ளடக்கத்தைவிட விளம்பரம் அதிகமாக இருக்கக் கூடாது என்ற விதி நிற்கிறது. குரோம் பிரவுசர் 2018 பிப்ரவரியிலிருந்து மோசமான விளம்பரத் தளங்களை வடிகட்டுகிறது. போனில் கட்டுரையின் உயரத்தில் 30 சதவீதத்துக்கு மேல் விளம்பரம் பிடித்தால் அது அந்த வகையில் வரும். 700 சொல் பதிவுக்கு மூன்று இடம் தாராளம். இரண்டாவது பத்திக்குப் பிறகு ஒன்று, நடுவில் ஒன்று, முடிவில் ஒன்று. தலைப்புக்கும் முதல் பத்திக்கும் நடுவில் வேண்டாம். ஆட்டோ ஆட்ஸ் (விளம்பர இடத்தை கூகுளே தேர்ந்தெடுக்கும் வசதி) போட்டிருந்தால் அளவைக் குறைக்கும் ஸ்லைடரைக் கீழே இறக்கி, இரண்டு நாள் கழித்து உங்கள் போனிலேயே திறந்து பாருங்கள். அது இஷ்டத்துக்கு நடுவில் சொருகியிருக்கும் இடங்களை நீங்களே விலக்கலாம்.

மெனு, டவுன்லோட் பட்டன், ‘அடுத்த பக்கம்’ ஆகியவற்றை ஒட்டி விளம்பரம் வைக்கக் கூடாது. தவறிப்போய்க் கை படும், அந்தக் கிளிக் செல்லாது. விளம்பரத்தின் மேல் ‘விளம்பரம்’ என்றோ ‘ஸ்பான்சர்டு லிங்க்ஸ்’ என்றோ மட்டும் எழுதலாம். ‘பயனுள்ள இணைப்புகள்’, ‘இதையும் பாருங்க’ என்று எழுதினால் ஏமாற்று.

பக்கம் குதிப்பது இன்னொன்று. படித்துக்கொண்டிருக்கும்போது விளம்பரம் தாமதமாக வந்து உட்கார, வரி கீழே ஓடிவிடும். கூகுள் இதை சிஎல்எஸ் என்று அளக்கிறது. 0.1-க்குள் இருக்க வேண்டும். தீர்வு எளிது: விளம்பரம் வரும் கட்டத்துக்கு முன்கூட்டியே உயரம் ஒதுக்குங்கள். 300க்கு 250 அளவு விளம்பரத்துக்கு 280 பிக்சல் குறைந்தபட்ச உயரம் கொடுத்தால் போதும். முக்கியமான படமோ பத்தியோ திரைக்கு வரும் நேரம் 2.5 நொடிக்குள் வேண்டும். இங்கே பெரும்பாலும் குற்றவாளி விளம்பரம் இல்லை, போனில் எடுத்து அப்படியே ஏற்றிய 4 எம்பி படம். அகலம் 1200 பிக்சலாக்கி, வெப்பி (WebP) வடிவத்தில் 150 கேபிக்குள் சுருக்கி ஏற்றுங்கள்.

கிளிக்

சொந்த விளம்பரத்தைக் கிளிக் செய்யாதீர்கள், சோதனைக்குக்கூட. வீட்டில் ஒரே வைஃபையில் இருக்கும் தம்பி தங்கச்சியும் வேண்டாம். ‘நீ என்னுதை அழுத்து, நான் உன்னுதை அழுத்தறேன்’ என்று இயங்கும் வாட்ஸ்அப் குரூப்புகள் கணக்கு மூடப்படுவதற்கு நேர்வழி. 5,000 பார்வை இத்தனை ரூபாய் என்று விற்கும் டிராஃபிக்கும் அதே ரகம், வருவதெல்லாம் ஆள் இல்லை, பாட் எனும் தானியங்கி நிரல். யாரோ வேண்டாதவர் உங்கள் விளம்பரத்தைத் தொடர்ந்து அழுத்துவது போலத் தெரிந்தால், ஆட்சென்ஸ் உதவிப் பக்கத்தில் செல்லாத கிளிக்குகளைத் தெரிவிக்கும் படிவம் இருக்கிறது. தேதி, நேரத்தோடு எழுதி அனுப்புங்கள். செல்லாத கிளிக்கில் வந்த வருமானம் கழிக்கப்படலாம், ஆனால் கணக்குக்கு அது பாதுகாப்பு.

இணைப்பு விற்பதும் கடை விளம்பரமும்

பிளாக் ஓரளவு தெரிய ஆரம்பித்தவுடன் ஒரு மெயில் வரும். ‘உங்கள் தளம் அருமை. எங்கள் கட்டுரையைப் போட்டால் 15 டாலர் தருகிறோம். உள்ளே இரண்டு இணைப்பு இருக்கும், நோஃபாலோ வேண்டாம்.’ மேனுவல் ஆக்‌ஷனுக்கு அழைப்பிதழ் இதுதான். நோஃபாலோ என்பது ‘இந்த இணைப்பைப் பரிந்துரையாக எடுக்காதே’ என்று தேடலுக்குச் சொல்லும் குறியீடு. அது இல்லாமல், காசு வாங்கிக்கொண்டு, வாங்காத மாதிரி இணைப்பு கொடுப்பது ஸ்பாம் விதியின் நேரடி மீறல். அந்தக் கட்டுரை பெரும்பாலும் சூதாட்ட ஆப், கடன் ஆப் பற்றியதாக இருக்கும். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு விளம்பரம் செய்வதையும் தடுக்கும் மத்தியச் சட்டம் 2025-இல் வந்துவிட்டது. 15 டாலருக்கு இரண்டு பக்கமும் வம்பு.

ஆனால் காசு வாங்கி விளம்பரம் போடுவதே தப்பு என்று ஓட வேண்டாம். சின்ன பிளாக்குக்கு நல்ல வருமானம் நேரடி விளம்பரத்தில்தான் வர வாய்ப்பு உண்டு. எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடை தீபாவளி மாதத்துக்கு 1,500 ரூபாய் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். மேலே சொன்ன அரை டாலர் ஆர்பிஎம்மில் இந்தத் தொகைக்கு முப்பதாயிரத்துக்கு மேல் பார்வை வேண்டும். கடைக்காரருக்கோ வண்ணாரப்பேட்டைக்கு நடந்து வரக்கூடிய ஐந்நூறு பேர் பார்த்தாலே லாபம். செய்ய வேண்டியது இரண்டு. படத்தின் மேல் ‘விளம்பரம்’ என்று தெளிவாக எழுதுவது. கடையின் தளத்துக்கோ இன்ஸ்டாகிராமுக்கோ போகும் இணைப்பில், இது காசு வாங்கிய இணைப்பு என்று தேடலுக்குச் சொல்லும் ‘ஸ்பான்சர்டு’ குறியீடு சேர்ப்பது. 2019 செப்டம்பரில் கூகுள் அறிமுகப்படுத்தியது இது. பழைய நோஃபாலோவும் செல்லும், பிளாக்கரில் இணைப்புப் பெட்டியிலேயே அதற்கு டிக் இருக்கிறது. கடைக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: "அண்ணே, கடைக்கு ஆள் வரும். கூகுள்ல உங்க சைட் மேல ஏறும்னு மட்டும் எதிர்பார்க்காதீங்க." பத்து பிரியாணிக் கடையை வரிசைப்படுத்தி எழுதி, காசு கொடுத்த கடையை முதலில் வைத்தால், அதையும் அந்த இடத்திலேயே சொல்லியாக வேண்டும்.

பின் கடிதம்

10 டாலர் சேர்ந்ததும் கூகுள் உங்கள் முகவரிக்குத் தபாலில் ஆறு இலக்க எண் அனுப்பும். இதற்கும் பெயர் பின். பின்கோடு என்று நினைத்து 600013, 600081 என்று அடித்துப் பார்ப்பவர்களும் உண்டு. கடிதம் வர இரண்டு முதல் நாலு வாரம் ஆகலாம். நாலு மாதத்துக்குள் எண்ணைப் போடாவிட்டால் விளம்பரம் நின்றுவிடும்.

பழைய எண், புதிய எண் என்று இரண்டு கதவு எண் உள்ள தெருக்களில் இரண்டையும் எழுதுங்கள். பத்துக் குடித்தனம் உள்ள ஸ்டோர் வீடு, ஹவுசிங் போர்டு பிளாக் என்றால் மாடி, வீட்டு எண், முக்கியமாக போன் நம்பர். ஏரியா தபால்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைப்பது எல்லாவற்றையும்விட மேல். பெயரில் இனிஷியல் தகராறு வரும். பாஸ்புக்கில் இருக்கிறபடியே ஆட்சென்ஸ் கணக்கிலும் பெயர் இருக்கட்டும், பணம் அனுப்பும்போது வங்கி அதைத்தான் ஒப்பிடும். கிளையில் கேட்டு ஸ்விஃப்ட் கோடு (வெளிநாட்டுப் பணம் வர வங்கிக்கு உள்ள அடையாளக் குறி) வாங்கி வையுங்கள். 100 டாலர் தாண்டிய மாதத்துக்கு அடுத்த மாதம் 21-லிருந்து 26-க்குள் பணம் கிளம்பும். வருமான வரிக் கணக்கில் இதையும் காட்ட வேண்டும்.

இறங்கிவிட்டால்

வருகை திடீரென்று விழுந்தால் டெம்ப்ளேட்டை மாற்றுவது, விளம்பரத்தை எல்லாம் பிடுங்கிப் போடுவது என்று பதறாதீர்கள். வரிசையாகப் பாருங்கள்.

சர்ச் கன்சோலில் மேனுவல் ஆக்‌ஷன் பக்கத்தைத் திறங்கள். சிக்கல் எதுவும் இல்லை என்று இருந்தால் அந்தச் சந்தேகம் முடிந்தது. ஏதாவது இருந்தால், அங்கே உதாரணமாகக் காட்டிய பக்கங்களை மட்டும் திருத்தினால் போதாது. அதே தவறு உள்ள அத்தனை பக்கத்தையும் சரிசெய்து, என்ன செய்தீர்கள் என்று ஒளிக்காமல் எழுதி மறுபரிசீலனை கேட்க வேண்டும். பதில் வர நாட்களும் ஆகும், வாரங்களும் ஆகும்.

அடுத்து, பிளாக்கர் செட்டிங்ஸில் தேடலுக்குத் தெரியட்டும் என்ற சுவிட்ச் தெரியாமல் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். சிரிப்பாக இருக்கும், ஆனால் தண்டனை என்று அலறிய பல பேருக்குக் காரணம் இந்த சுவிட்ச்தான்.

பிறகு தேதி. விழுந்த நாளும் கோர் அப்டேட் நாளும் ஒத்துப்போனால் அது எடை மாற்றம். எந்தப் பக்கங்கள் விழுந்தன என்று பிரித்து, அவற்றுக்கு மேலே இப்போது யார் இருக்கிறார்கள், அவர்கள் என்ன கூடுதலாகச் சொல்கிறார்கள் என்று படியுங்கள். திருத்தியதன் பலன் தெரிய மாதக்கணக்கில் ஆகும்.

கடைசியாகப் பருவம். சர்ச் கன்சோல் 16 மாதத் தரவு வைத்திருக்கும். போன மாதத்தோடு ஒப்பிடாமல் போன வருடம் இதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். காசிமேட்டு மீன் விலைப் பக்கம் தடைக்காலத்தில் உச்சத்துக்குப் போய், ஜூன் 15 படகு இறங்கியதும் பாதியாகக் குறைந்தால் அது கூகுள் வேலை இல்லை. மீன் வந்துவிட்டது, விலையைத் தேட ஆள் இல்லை.